பட்டறை பதில்கள்: ஏற்றத்தில் இறங்கும் முள், ஃபில்டரில் மின்னும் செம்பு

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை. அதனால் பக்கம் முழுவதையும் ஆயில் பிரஷருக்கே ஒதுக்கிவிட்டேன். முதல் கடிதம் எழுதியவர் தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவர். அவர் கேட்டதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: அண்ணே, என்னோடது 2011 மாடல் பத்து சக்கர வண்டி. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின். எட்டு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அரியலூரில் சிமென்ட் ஏற்றி, வாளையார் வழியாகக் கேரளா போய் வருவேன். இரண்டு மாதமாக ஆயில் மீட்டர் சரியில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் (சதுர சென்டிமீட்டருக்கு) 4 கிலோ காட்டுகிறது. ஏற்றத்தில் மிதித்து எடுக்கும்போது 1.5-க்கு வந்துவிடுகிறது. டீக்கடையில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தால் மறுபடி பத்து கிலோமீட்டர் நன்றாக இருக்கிறது. போன வாரம் ஆயில் மாற்றியபோது, வடித்த எண்ணெயில் வெயில் பட்டு ஏதோ மினுமினுத்தது. ஒரு மெக்கானிக் பம்பை மாற்று என்கிறார். இன்னொருவர் முழு எஞ்சின் வேலை என்கிறார். மூன்றாமவர் கெட்டி ஆயில் ஊற்றித் தீபாவளி வரைக்கும் ஓட்டு என்கிறார். நாலு மாதத்துக்கு முன்னால் சேம்பரில் (எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) கசிவு என்று ஒரு இடத்தில் கழற்றி, பேஸ்ட் போட்டு மாட்டினார்கள். வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. என்ன செய்யட்டும்? — சொந்த வண்டி ஓட்டும் வாசகர், அரியலூர்

பதில்: தம்பி, மூன்று மெக்கானிக் சொன்னதை விட உங்கள் கடிதத்தில் இரண்டு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஏற்றத்தில் மிதித்தால் முள் இறங்குகிறது என்பது ஒன்று. அரை மணி நேரம் நிறுத்தினால் தேறிவிடுகிறது என்பது இன்னொன்று. இதை ஓட்டுகிறவர் மட்டும்தான் சொல்ல முடியும். பட்டறையில் நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்து பார்க்கிறவர் கண்ணில் இது படாது.

உங்கள் ஊர்ப்பக்கம் கிணற்றுப் பாசனம் பார்த்திருப்பீர்கள். கிணற்று மோட்டார் தண்ணீரைத் தள்ளும், அவ்வளவுதான். பிரஷர் வருவது, அந்தத் தண்ணீர் சொட்டுநீர்க் குழாயின் சின்னச் சின்னத் துளை வழியாகப் போகத் திணறுவதால். துளைகள் தேய்ந்து பெரிதானால் மோட்டார் நன்றாக ஓடியும் கடைசிச் செடிக்குத் தண்ணீர் போகாது. பிஸ்டன்கள் ராடு மூலம் சுற்ற வைக்கிற தண்டுதான் கிராங்க். அதை பிளாக்கில் தாங்குவது மெயின் பேரிங், ராடு அதைப் பிடிக்கும் இடத்தில் இருப்பது பிக் எண்ட் பேரிங், அதாவது ராடு பேரிங். எஞ்சினில் அந்தத் துளைகள் என்பது மெயின் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில், பிக் எண்ட் பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி. புதிதில் அது ஒரு தலைமுடி மொத்தம் இருக்கும். அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் வழிந்து போகிற எண்ணெய் இரண்டு மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகும். அதனால்தான் ஆறு லட்சம் கிலோமீட்டர் வரை ஆடாத முள், அதன் பிறகு வேகமாக இறங்குகிறது.

ஆனால் பேரிங் மட்டும் தேய்ந்திருந்தால் முள் எப்படி நடந்துகொள்ளும்? சூட்டில், ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) விழும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பம்ப் வேகமாகச் சுற்றி, முள் மேலே ஏறும். உங்களுக்கு நடப்பது நேர் எதிர். மிதித்தால் இறங்குகிறது.

மறுபடி கிணற்றுக்கே வாருங்கள். ஃபுட் வால்வு சல்லடையில் இலையும் பாசியும் அடைத்தால் என்ன ஆகும்? மோட்டார் போட்டதும் தண்ணீர் நன்றாக வரும். கொஞ்ச நேரத்தில் குப்பை எல்லாம் சல்லடையில் போய் ஒட்டி, தண்ணீர் நூலாகிவிடும். மோட்டாரை நிறுத்தினால் குப்பை விலகிக் கீழே போகும். மறுபடி போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக வரும். உங்கள் வண்டி செய்வது அப்படியே இதுதான். எண்ணெய் ஆறியதால் பிரஷர் தேறியது என்று சிலர் சொல்வார்கள். லோடோடு ஏறி வந்த எஞ்சின் அரை மணி நேரத்தில் அப்படி ஆறிவிடாது. எண்ணெய் ஊற்றும் கேப்பைத் திறந்து கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

சேம்பருக்குள், பம்ப் எண்ணெய் உறிஞ்சும் இடத்தில் இருக்கிற சல்லடை, அதாவது ஸ்ட்ரெய்னர் அடைக்கிறது என்றுதான் சந்தேகப்படுகிறேன். நாலு மாதத்துக்கு முன்னால் பேஸ்ட் போட்டு மாட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சிலிக்கான் பேஸ்டை நூல் மாதிரி மெல்லிசாக இழுக்க வேண்டும். விரல் மொத்தத்துக்கு அப்பினால், போல்ட் இறுக்கும்போது பாதி வெளியே பிதுங்கும், பாதி உள்ளே பிதுங்கும். வெளியே வந்ததைத் துடைத்துவிடுவார்கள். உள்ளே போனது காய்ந்து, ரப்பர் மாதிரிப் புழு புழுவாகப் பிய்ந்து ஸ்ட்ரெய்னரில் போய் உட்காரும். இந்த மாதிரி ஸ்ட்ரெய்னரை என் கையால் எத்தனையோ தடவை சுரண்டியிருக்கிறேன். கம்பி வலையே தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு தோல் போர்த்தின மாதிரி இருக்கும்.

சரி, சந்தேகம் சந்தேகம்தான். கழற்றுவதற்கு முன்னால் சில வேலை இருக்கிறது. வரிசை மாறக் கூடாது.

முதலில் மீட்டர் சொல்வது நிஜமா என்று பாருங்கள். டேஷ்போர்டு முள்ளை நம்பி எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. ஃபில்டர் பக்கத்தில் ஆயில் கேலரிக்கு (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் வழி) போகிற பிளக்கைக் கழற்றி, ஹோஸ் போட்ட நேரடி கேஜ் ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். 10 கிலோ வரை காட்டும் கேஜ் போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் ஒரு தடவை, 1,500 ஆர்பிஎம்மில் ஒரு தடவை, முழு வேகத்தில் இரண்டு நிமிடம் பிடித்து ஒரு தடவை குறித்துக்கொள்ளுங்கள். கம்மின்ஸ் பி வரிசை 5.9 எஞ்சினுக்குச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு ஐடிலில் 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் 30 பிஎஸ்ஐ. நம் கணக்கில் 0.7 கிலோ, 2.1 கிலோ. ஐடிலில் 1 கிலோ காட்டினாலே பயந்து போகிறவர்கள் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்றத்தில் வருகிற 1.5 நிஜம் என்றால் அது பயப்பட வேண்டிய எண்தான்.

அந்த இரண்டு நிமிடத்தில் முள் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால் உறிஞ்சும் பக்கத்தில் தடை. நடுங்கிக்கொண்டே இருந்தால் ஸ்ட்ரெய்னர் பைப் கேஸ்கட்டில் காற்று இழுக்கிறது, அல்லது எண்ணெய் மட்டம் குறைவு. குளிரிலும் சூட்டிலும், எந்த வேகத்திலும் ஒரேயடியாகக் குறைவு என்றால் ஃபில்டர் ஹெட்டில் இருக்கிற பிரஷர் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பம்பும் தேய்ந்திருக்கலாம்.

அப்புறம் டிப் ஸ்டிக். மட்டம் குறைந்திருக்கிறதா என்று மட்டும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் பம்பில் பிளஞ்சர் தேய்ந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், மட்டம் ஏறும், எண்ணெய் நீர்த்துப்போகும், பிரஷர் விழும். முகர்ந்தால் டீசல் வாசம் வரும். ஒரு சொட்டை நியூஸ் பேப்பர் ஓரத்தில், அச்சு இல்லாத இடத்தில் விட்டு ஒரு மணி நேரம் காய வையுங்கள். நடுவில் கறுப்பாகவும், அதைச் சுற்றி நிறமே இல்லாமல் அகலமாக ஒரு வளையமும் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. எண்ணெய் காபி நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர். அப்படியென்றால் ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட் பக்கம் போக வேண்டும்.

இப்போது ஃபில்டர். போன வாரம் கழற்றிய பழைய ஃபில்டர் பட்டறை மூலையில் கிடந்தால் உடனே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சின் பற்றிய முழுத் தகவலும் அதில் இருக்கிறது. அதை ஹேக்சா பிளேடில் அறுக்க வேண்டாம். அறுத்த தூள் உள்ளே விழுந்து, எது எஞ்சின் இரும்பு, எது டப்பா இரும்பு என்று தெரியாமல் போகும். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் லேத்தில் பிடித்து ஓரத்தை மட்டும் சீவித் தரச் சொல்லுங்கள். உள்ளே இருக்கிற மடிப்புக் காகிதத்தை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து எண்ணெய் போகப் பிழியுங்கள். பிறகு வெள்ளைத் துணியில் விரித்து, வெயிலில் வைத்து மடிப்பு மடிப்பாகப் பாருங்கள்.

செம்பு நிறத்தில் மின்னினால் பேரிங்கின் உள் அடுக்கு வரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பட்டுச் சேலைச் சரிகையை நறுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் செம்பு நிறம் டர்போ புஷ்ஷிலிருந்தும் வரலாம், பிஸ்டன் பின் புஷ்ஷிலிருந்தும் வரலாம். டர்போவை உடனே பார்த்துவிடலாம். காற்றுக் குழாயைக் கழற்றி, ஷாஃப்டை விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். விசிறி சுவரில் உரசினால் குற்றவாளி அதுதான். உரசாவிட்டால் கீழே இறங்க வேண்டும்.

வெள்ளி நிறத்தில் மின்னினால் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பைக்குள் போட்டு, அந்தக் காகிதத்தின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ரிங், கேம், டேப்பட், கியர், கிராங்க் இவற்றில் ஒன்று. ஒட்டாமல் மெத்தென்று இருந்தால் அலுமினியம் அல்லது பேரிங்கின் மேல் பூச்சு. பையிலிருந்து காந்தத்தை எடுத்ததும் ஒட்டியது எல்லாம் தானாக உதிரும், அதை வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினில் வருகிறதுதான். நகத்தில் மாட்டுகிற சில்லாக இருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். ரப்பர் மாதிரித் துணுக்கு கிடைத்தால் என் சந்தேகம் பாதி உறுதி.

நீங்கள் மினுமினுப்பை எண்ணெயிலேயே பார்த்திருக்கிறீர்கள். ஃபில்டர் இருக்கும்போது அது எப்படி எண்ணெயில் வந்தது என்று கேட்பீர்கள். ஃபில்டர் அடைத்தால் எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சாகக் கூடாது என்பதற்காக ஒரு பைபாஸ் வால்வு வைத்திருக்கிறார்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாக இருக்கும்போதும், ஃபில்டர் நிறைந்துபோனாலும் அது திறக்கும். அப்போது வடிகட்டாத எண்ணெய், தூளோடு சேர்த்து நேராகப் பேரிங்குக்குப் போகும். அதனால் ஃபில்டரில் தூள் இருக்கிறது என்றால் கொஞ்சம் அதைத் தாண்டியும் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சேம்பரை இறக்குங்கள். பம்பை மாற்றச் சொன்னவர் பேச்சை ஏன் கேட்க வேண்டாம் என்கிறேன் தெரியுமா? இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் முன்பக்கம், கியர் கவருக்குள் இருக்கிறது. சேம்பரைத் தொடாமலே பம்பை மாற்றிவிட முடியும். புதுப் பம்ப் மாட்டி, ஸ்ட்ரெய்னரை யாரும் பார்க்காமலே வண்டி வெளியே போய்விடும். முழு எஞ்சின் என்கிறவர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். 5.9-இல் பிஸ்டன் ஓடும் குழிக்கு, அதாவது போருக்கு, மாற்றக்கூடிய தனி லைனர் கிடையாது, பிளாக்கிலேயே போர். முழு எஞ்சின் என்றால் பிளாக்கை இறக்கி லேத்துக்கு அனுப்ப வேண்டும். உங்கள் வண்டியில் ஆயில் குடிக்கவில்லை, புகை இல்லை, பேக் கம்ப்ரஷன் (ரிங்கைத் தாண்டிக் கீழே வரும் காற்று) இல்லை என்றால் மேல் பாதியைத் தொட இப்போது காரணமே இல்லை.

சேம்பர் இறங்கியதும் அடியில் தேங்கிய எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள். விரலால் தடவி, வழித்து எடுத்து, டீசலில் அலசிப் பாருங்கள். பிறகு ஸ்ட்ரெய்னர். பிறகு, இதுதான் முக்கியம், பேரிங் கேப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்து மாட்டிய பிறகுதான் அடுத்தது. நம்பர் மாறக் கூடாது, திசை மாறக் கூடாது.

பேரிங்கைப் பார்க்கும் முறை நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கிறது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் ஞாபகம் இருக்கிறதா? புழங்கப் புழங்க ஈயம் தேய்ந்து, அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். பேரிங்கும் அப்படித்தான். மேலே சாம்பல் நிறத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய பூச்சு, அதற்கு அடியில் செம்புக் கலவை, அதற்கும் அடியில் இரும்பு. ராடு பேரிங்கில் மேல் பாதி அதிகம் தேயும், ஏனென்றால் வெடிப்பின் அடி அதன் மேல்தான் விழுகிறது. மெயினில் கீழ்ப் பாதி. அதனால் மெயின் கேப்பைக் கழற்றிப் பார்த்தால் தேய்மானம் கண்ணெதிரே தெரியும். ராடு கேப்பைக் கழற்றிக் கீழ்ப் பாதியை மட்டும் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராடைக் கொஞ்சம் மேலே தள்ளி மேல் பாதியையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எல்லாப் பேரிங்கிலும் ஒரே சீராகச் செம்பு தெரிந்தால் அது கிலோமீட்டரின் தேய்மானம். ஒன்றே ஒன்று மட்டும் மோசம் என்றால் அந்த ராடு வளைவா, அதற்கு எண்ணெய் வருகிற துளை அடைப்பா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கோடு கோடாக, முள் குத்தினது மாதிரிப் புள்ளி இருந்தால் அழுக்கு எண்ணெய் ஓடியிருக்கிறது. தேய்த்து மெழுகினது போலப் பூச்சு ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தால் எண்ணெய் கிடைக்காமல் ஓடியிருக்கிறது. உங்கள் எஞ்சினில் இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். ஸ்ட்ரெய்னர் அடைத்து, எண்ணெய் பற்றாமல், ஏற்றத்தில் பேரிங் உரசி, அந்தச் செம்புதான் உங்களுக்கு வெயிலில் மின்னியிருக்கிறது.

கிராங்க் ஜர்னலை (பேரிங் உட்காரும் வழுவழுப்பான பகுதி) நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் சிக்காமல் வழுக்கினால், மைக்ரோமீட்டரில் அளவும் சரியாக இருந்தால், அதே அளவு புதுப் பேரிங் போதும். சிக்கினால் கிராங்கை இறக்கி 0.25 மி.மீ. அண்டர்சைஸுக்கு, அதாவது அவ்வளவு குறைந்த அளவுக்கு, கிரைண்டிங் செய்ய வேண்டும். கிரைண்டிங்குக்கு முன்னால் விரிசல் பரிசோதனை செய்யாத லேத்தில் கொடுக்காதீர்கள்.

இப்போது நான் சொல்லப்போவது என் கையால் நடந்த தப்பு. 1997-இல் எனக்கு இருபத்தாறு வயது. தனியாகப் பட்டறை போட்டு இரண்டாம் வருஷம். நாமக்கல்லில் ஒருவருடைய ஆறு சிலிண்டர் வண்டிக்குப் பேரிங் உதிர்ந்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, எல்லாம் புதிதாக மாட்டிக் கொடுத்தேன். சேம்பரைக் கழுவினேன், ஸ்ட்ரெய்னரைக் கழுவினேன், ஃபில்டர் புதிது. ஆயில் கூலரை மட்டும் கழற்றவில்லை. வெளியில் பார்க்க நன்றாக இருந்தது. பத்தாம் நாள் முட்டை லோடோடு பெங்களூரு போன வண்டி தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் இறுகி, சீஸ் ஆகி நின்றுவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக வேறு வண்டி கொண்டுபோய், டிரைவரும் கிளீனரும் நானுமாக முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றினோம். வண்டியை இழுத்து வந்து பிரித்தபோது, புதுப் பேரிங்கில் பழைய பேரிங்கின் சில்லுகள் பதிந்து கிடந்தன. கூலரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு டீ கிளாஸ் அடியில் நிற்கிற அளவுக்குச் செம்புத் தூள் கொட்டியது. இரண்டாம் முறை வேலைக்கு நான் அவரிடம் காசு வாங்கவில்லை.

காரணம் எளிது. எண்ணெய் பம்பிலிருந்து முதலில் கூலருக்குப் போகிறது, அதன் பிறகுதான் ஃபில்டர். ஸ்ட்ரெய்னர் வலையில் நுழைந்து வந்த தூள் எல்லாம் கூலரின் சந்து பொந்துகளில் தங்கும். புது எஞ்சின் நல்ல பிரஷரில் ஓடும்போது அது கிளம்பி வரும். எண்ணெய் சூடாகாத நேரத்தில் ஃபில்டர் பைபாஸ் திறந்திருந்தால் நேராகப் பேரிங்குக்குத்தான். அதனால், தம்பி, பேரிங் உதிர்ந்த எஞ்சினுக்குக் கூலர் கோரைக் கழுவி மாட்டுகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உள்ளே தகடு தகடாக இருப்பதைக் கழுவி முடித்துவிட்டோம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. புதிது போடுங்கள். கேலரி பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டு, டீசல் விட்டு, காற்று விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். பிஸ்டன் அடியில் எண்ணெய் பீய்ச்சும் நாசில்கள், டர்போவுக்குப் போகிற குழாய், ஃபில்டர் ஹெட் பிரஷர் வால்வு எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பம்பையும் அப்போது பாருங்கள். உள்ளே கோடு விழுந்திருந்தால் மாற்றுங்கள். பம்பை மாற்ற அதுதான் நேரம்.

மாட்டி முடித்ததும் உடனே சாவி போடக் கூடாது. ஃபில்டரை எண்ணெய் நிரப்பி மாட்டுங்கள். டீசலை நிறுத்தி வைத்து, செல்ஃபில் விட்டு விட்டுச் சுற்றி, நேரடி கேஜில் முள் அசைந்த பிறகுதான் ஸ்டார்ட்.

தீபாவளி வரை ஓட்டலாமா என்று கேட்டீர்கள். ஒரு லோடு கூட ஏற்ற வேண்டாம். இன்றைக்குச் சேம்பரும் பேரிங்கும் கூலருமாக முடிகிற வேலை, ஏதாவது ஏற்றத்தில் ராடு பிளாக்கைக் குத்தி வெளியே வந்தால் பிளாக்கோடு போய்விடும். சேம்பரை இறக்கிய அன்று ஸ்ட்ரெய்னரையும் பேரிங்கையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கிராங்க் பற்றி அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, சூட்டில் பிரஷர் குறையும் பழைய வண்டிக்கு 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் முள் ஏறுகிறது. டப்பாவில் விற்கிற கெட்டி மருந்து ஒன்றும் ஊற்றினேன், இன்னும் ஏறியது. இதில் என்ன தப்பு? — வாசகர், சங்ககிரி

பதில்: முள் ஏறியது உண்மை. பேரிங் இடைவெளி அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை. கெட்டி எண்ணெய் அந்த இடைவெளியில் மெதுவாக வழிவதால் கேஜில் எண் ஏறுகிறது. காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை மாற்றிக் கொடுத்த மாதிரி என்று கூடச் சொல்ல மாட்டேன், அதைவிடக் கொஞ்சம் மேல்தான். சீராகத் தேய்ந்த, தூள் எதுவும் வராத எஞ்சினில், கோடைக்காலத்தில், வேலை பார்க்கத் தேதி குறித்துவிட்டு ஓட்டுகிற ஒன்றிரண்டு மாதத்துக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணெய் எஞ்சின் புத்தகம் சொல்லும் டீசல் தரத்தில் இருக்க வேண்டும்.

தூள் வருகிற எஞ்சினில் அது கெடுதல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டி எண்ணெய் டர்போவுக்கும் மேலே ராக்கருக்கும் போய்ச்சேரத் தாமதமாகும். ஸ்ட்ரெய்னர் பாதி அடைத்திருந்தால் கெட்டி எண்ணெயை உறிஞ்சுவது இன்னும் கஷ்டம். பைபாஸ் வால்வும் அதிக நேரம் திறந்தே கிடக்கும். டப்பா மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த தடவை அதற்குக் கொடுக்கிற காசில் நேரடி கேஜ் ஒன்று வாங்கிப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, கணவர் இறந்த பிறகு எங்கள் இரண்டு லாரிகளையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வண்டிக்கு முழு எஞ்சின் வேலை முடிந்து 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் ஆயில் மாற்றும்போது டிரெயின் பிளக் காந்தத்தில் கறுப்பாகப் பசை மாதிரி ஒட்டியிருந்தது. டிரைவர் பயப்படுகிறார். மெக்கானிக் சகஜம் என்கிறார். யாரை நம்புவது? — வாசகி, திருச்செங்கோடு

பதில்: அம்மா, இந்தத் தடவை மெக்கானிக் சொல்வது சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். புது ரிங்கும் போரும் ஒன்றோடொன்று பழகும்போது நுண்ணிய இரும்பு மாவு வரும். அது எண்ணெயோடு சேர்ந்து கறுப்புப் பசையாகக் காந்தத்தில் நிற்கும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கண்மை மாதிரி வழவழவென்று பரவினால் கவலை வேண்டாம். நெருநெருவென்று மணல் மாதிரிப் பட்டால், அல்லது அதில் ஊசி போல, சில்லு போல ஏதாவது நின்றால், டிரைவர் பயப்படுவது நியாயம். செம்பு நிறம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் அதைத் தேட ஃபில்டரை வெட்டித்தான் பார்க்க வேண்டும். 3,000 கிலோமீட்டரில் செம்பு வரவே கூடாது.

இரண்டு வண்டி வைத்திருக்கிறீர்கள், நேரில் நின்று பார்க்க எப்போதும் முடியாது என்பதால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சூடாக இருக்கும்போது, வடிகிற எண்ணெயில் முதலும் கடைசியும் விட்டு நடுவில் ஒரு சின்ன பாட்டில் பிடித்து, ஆயில் பரிசோதிக்கும் லேபுக்கு அனுப்புங்கள். ஈயமும் செம்பும் சேர்ந்து ஏறினால் பேரிங். செம்பு மட்டும் ஏறி ஈயம் ஏறாவிட்டால் பல நேரம் ஆயில் கூலர் செம்புதான், அவசரப்பட வேண்டாம். சோடியம், பொட்டாசியம் ஏறினால் கூலன்ட் கலக்கிறது. சிலிக்கான் ஏறினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. ஆனால் புதிதாகப் பேஸ்ட் போட்டு வேலை பார்த்த எஞ்சினில் முதல் ரிப்போர்ட்டில் சிலிக்கான் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு ரிப்போர்ட்டை விட மூன்று ரிப்போர்ட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் பயன். ஒரே பைலில் போட்டு வையுங்கள்.

கேள்வி: சம்பளத்துக்கு ஓட்டுகிறேன். சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஆயில் லைட் விட்டு விட்டு எரிகிறது. மீட்டர் வேலை செய்யவில்லை. ஓனர் வயர் கோளாறு, ஓட்டு என்கிறார். — ஓட்டுநர், தூத்துக்குடி

பதில்: தம்பி, வயர் கோளாறாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். சாவி போட்டு, எஞ்சின் ஓடாமல் லைட் எரியும்போது பிரஷர் ஸ்விட்ச்சிலிருந்து வயரைக் கழற்றுங்கள். லைட் அணைந்தால் வயர் நன்றாக இருக்கிறது. அணையவில்லை என்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது. வயர் சரியென்றால் ஸ்விட்ச் இருக்கிற துளையில் கேஜ் மாட்டி, சூட்டில் ஐடில் பிரஷரைப் பாருங்கள். எஞ்சின் புத்தகத்தில் சொன்ன அளவு இருந்தால் ஸ்விட்ச் மட்டும் மாற்றினால் போதும்.

அதுவரை, நிற்கும்போது மட்டும் எரிந்து, லேசாக மிதித்தால் அணைகிற லைட்டோடு பட்டறை வரை மெதுவாகப் போகலாம். ஓடும்போது எரிந்தால் ஓரம் கட்டி உடனே எஞ்சினை நிறுத்துங்கள். நிறுத்திய நேரத்தையும் கிலோமீட்டரையும் டிரிப் ஷீட்டில் எழுதி, லைட் எரிவதை போனில் படம் எடுத்து அப்போதே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள்.